சான்றொப்பம் தேடி மாமல்லபுரம் வரை

வெளிநாடு போய் வந்தவர்கள்தான் பயணக் கட்டுரை எழுத வேண்டும் என்று விதி ஏதும் இல்லை. இருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். நான் போனது செங்கல்பட்டிலிருந்து மதுராந்தகம். திரும்பி வந்து, அங்கிருந்து மாமல்லபுரம். மூன்று நாள், எல்லாம் சேர்த்தாலும் நூறு மைல் வராது. ஆனால் அந்தப் பயணம் போய் முடிய வேண்டிய இடம் இங்கிலாந்து. அங்கே போக வேண்டியவள் எஸ்தர்.

எஸ்தர் என் டபேதார் ஞானமுத்துவின் மகள். நான் தாசில்தாராக இருந்த காலம் முழுவதும் சிவப்புப் பட்டையும் பித்தளை வில்லையும் அணிந்து என் அறை வாசலில் நின்றவர் ஞானமுத்து. பணியில் இருந்தபோது அவரை 'நீ' என்றேன். இருவரும் ஒரே ஆண்டில் ஓய்வு பெற்ற பிறகு 'நீங்கள்' ஆனார். அதற்கு அரசாணை எதுவும் வரவில்லை. அவருடைய பெண் உயிர்வேதியியலில் முதுகலை முடித்துவிட்டு, எங்கள் ஊர்க் கடைத்தெருவில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகம், உயிர்வேதியியலும் செல் உயிரியலும் சேர்ந்த துறையில், அவளுக்கு முனைவர் பட்ட ஆய்வுக்கு இடம் கொடுத்திருந்தது. படிப்பு, தங்குமிடம், சாப்பாடு, விமானம் எல்லாமே உதவித்தொகையில். அந்த உதவித்தொகை தில்லியில் ஓர் அலுவலகத்தின் வழியாக வர வேண்டும். அதற்கு வயது வரம்பு உண்டு. அடுத்த மார்ச்சில் அவள் அதைத் தாண்டிவிடுவாள். ஆகவே இந்த ஆண்டு இல்லையென்றால் எந்த ஆண்டும் இல்லை.

விண்ணப்பத்துடன் வைக்கும் சான்றிதழ் நகல்களில், அசலுடன் ஒப்பிட்டுப் பார்த்ததாக அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரி ஒருவர் கையொப்பமிட வேண்டும். ஞானமுத்து மாசி மாதத்தில் ஒரு நாள் நகல்களைக் கொண்டுவந்து என் மேஜை மேல் வைத்தார். ஓய்வு பெற்றவர் சான்றொப்பம் இடக்கூடாது. அது எனக்குத் தெரியும். அப்படி வந்த நகல்களைக் கட்டுக் கட்டாகத் திருப்பி அனுப்பியவன் நான். ஆனால் இரண்டு ஆண்டுகளாக என் கையெழுத்தை யாரும் கேட்டிருக்கவில்லை. பால் அட்டையில்கூட என் மனைவிதான் குறி போடுகிறாள். பச்சை மைப் பேனாவை எடுத்தேன். பணிக்காலத்தில் சொந்தச் செலவில் செய்து வைத்திருந்த, பித்தளைப் பிடி போட்ட முத்திரையையும் எடுத்தேன். பதினான்கு நகல்களிலும் குத்தினேன்.

ஓர் அயோக்கியன் அதோடு நிறுத்தியிருப்பான். காகிதங்களும் போய்ச் சேர்ந்திருக்கும். நான் ஒழுங்கானவன். ஒவ்வொரு முத்திரையின் கீழும், பதவிக்குப் பக்கத்தில், அடைப்புக்குறி போட்டு 'ஓய்வு' என்று என் கையால் எழுதினேன்.

சித்திரை முடிந்து ஒரு திங்கட்கிழமை மாலை காகிதங்கள் திரும்பி வந்தன. சான்றொப்பமிட்டவர் பணியில் இல்லை. அதே பதவியில் தற்போது பணியில் உள்ளவர் முந்தைய சான்றொப்பத்தை ரத்து செய்து, மீண்டும் சான்றொப்பமிட வேண்டும். அடுத்த திங்கட்கிழமைக்குள் தில்லியில் கிடைக்க வேண்டும். ஞானமுத்து அந்தக் கடிதத்துடன் என் வீட்டு வாசலில், பழைய வழக்கப்படி, நிலைக்கு வெளியே நின்றார்.

"ஐயா ஒரு வார்த்த சேத்துப் போட்டுட்டீங்களாம். அதான் திருப்பிட்டாங்கோன்னு பாப்பா சொல்லுது," என்றார். குற்றம் சாட்டும் குரல் இல்லை. மழை பெய்கிறது என்று சொல்கிற குரல்.

செவ்வாய்க்கிழமை காலை மூன்று பேரும் தாலுகா அலுவலகத்துக்குப் போனோம். அக்னி நட்சத்திரம். அலுவலகத்து வேப்பமரத்தின் கீழே மனு எழுதுகிறவர்கள்கூட வேலையை விட்டுவிட்டு விசிறிக்கொண்டிருந்தார்கள். முன்மேஜையில் ஓர் இளைஞன். எனக்குப் பிறகு வந்தவன். "இன்னா பெரியவரே? மனுன்னா அந்தப் பெட்டில போட்டுட்டுப் போங்க," என்றான். அந்தப் பெட்டியை வாங்கி வைத்தது நான்.

தாசில்தார் ராமலிங்கம் மதுராந்தகத்தில் இருந்தார். அங்கே ஜமாபந்தி, அதாவது கிராமக் கணக்குகளின் வருடாந்திரத் தணிக்கை. கோட்ட அதிகாரி இவரையும் வரச் சொல்லியிருந்தார். எப்போது திரும்புவார் என்று கேட்டேன். "வந்தா வருவாரு," என்றான் இளைஞன். இலக்கணச் சுத்தமான அரசுப் பதில். துணைத் தாசில்தார் என்னை அடையாளம் கண்டு, எழுந்து, நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, கையொப்பமிட மறுத்தார். 'அதே பதவி' என்று தில்லி எழுதியிருக்கிறதே. அவர் செய்தது சரி. அந்த மூன்று நாளில் நான் பார்த்தவர்கள் எல்லோரும் சரியாகவே நடந்துகொண்டார்கள். எங்கள் துன்பமே அதுதான்.

அலுவலகம் மூடும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கேன்டீன் வடை முந்தைய நாளுடையது. எஸ்தர் அதை முகர்ந்து பார்த்துவிட்டு, அதில் என்னென்ன வளர்ந்துகொண்டிருக்கும் என்று இரண்டு பெயர்கள் சொன்னாள். நான் சாப்பிட்டேன். முப்பத்திரண்டு வருடம் சாப்பிட்டவனுக்கு அது ஒன்றும் செய்யாது.

புதன்கிழமை காலை பாசஞ்சர் ரயில். பாலாற்றுப் பாலத்துக்கு முன்னால் வண்டி நின்றது. நின்றது என்றால் ஒன்றரை மணி நேரம். ஆற்றில் தண்ணீர் இல்லை. இறங்கி நடந்தே கடந்திருக்கலாம். எதிர்ப்பலகையில் வேடந்தாங்கல்காரர் ஒருவர், ஆட்டுக்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு, எங்களைப் பறவை பார்க்க வந்தவர்கள் என்று நினைத்துக்கொண்டார். "இப்ப இன்னா பாக்கப் போறீங்க? காக்காதான் கீது. வெளிநாட்டுப் பட்சியெல்லாம் ஐப்பசி, கார்த்திகைல வரும்," என்றார். அவை யாரிடம் கையொப்பம் வாங்கி வருகின்றன என்று கேட்க நினைத்தேன். எஸ்தர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வண்டி கிளம்பாத அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான், அங்கே போய் என்ன படிக்கப் போகிறாய் என்று அவளிடம் முதல்முறையாகக் கேட்டேன். பதினான்கு நகல்களில் கையொப்பமிட்டவன் அதைக் கேட்டிருக்கவில்லை.

"ஒரு செல் ரெண்டாப் பிரியுது இல்லியா சார், எப்ப பிரியணும்னு அதுக்கு யார் சொல்றாங்கன்னு பாக்கணும்."

"மேலதிகாரி யாராவது இருப்பார்."

"இருக்காரான்னுதான் தேடப் போறேன்."

"அனுமதி இல்லாமல் தானாகவே பிரிந்தால்?"

"அதுக்குப் பேர் கேன்சர் சார்," என்றாள். சிரிக்கவில்லை. ஞானமுத்து பெருமையாக என்னைப் பார்த்தார். அவருக்குப் புரியவில்லை என்பது தெரிந்தது. எனக்கும் அரைகுறைதான். ஆனால் ஒழுங்கு, அனுமதி, பிரிவு ஆகிய சொற்களைக் கேட்டதும், அவளும் நம் துறைதான் என்று ஒரு நெருக்கம் தோன்றியது. கண்ணுக்குத் தெரியாத தாலுகா, அவ்வளவுதான்.

மதுராந்தகத்தில் இறங்கினோம். ஏரி பாதி வற்றி, கரையோரம் சேறு வெடித்துக் கிடந்தது. ஜமாபந்திப் பந்தலில் கணக்குப்பிள்ளைகள் கட்டுகளைச் சுமந்துகொண்டு குறுக்கும் நெடுக்கும் போனார்கள். ராமலிங்கம் அங்கே இல்லை. ஏதோ ஒரு சின்ன நாட்டின் வெளியுறவு மந்திரி மறுநாள் மாமல்லபுரத்துக்குச் சிற்பம் பார்க்க வருகிறாராம். ஏற்பாடுகளைக் கவனிக்க, ஒரு மணி நேரத்துக்கு முன்புதான் ஜீப்பில் கிளம்பியிருக்கிறார். எங்கள் ரயில் பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தபோது, அவர் சாலைப் பாலத்தில் எங்களைத் தாண்டிப் போயிருக்க வேண்டும்.

கடைத்தெருவில் ஒரு மெஸ். ஏரி மீன் குழம்பு. புளிப்பும் காரமும் சரியாக இருந்தன. அந்த மூன்று நாளில் சரியாக இருந்த ஒரே பொருள் அதுதான். நான் உட்கார்ந்தேன். எஸ்தர் எதிரே உட்கார்ந்தாள். ஞானமுத்து உட்காரவில்லை. முகாம்களுக்குப் போகும்போது நான் சாப்பிட்டு முடித்த பிறகு, வெளியே, ஜீப் டிரைவரோடு சாப்பிடுவது அவர் வழக்கம். அதை நான் ஒருபோதும் உத்தரவாகச் சொன்னதில்லை. சொல்லத் தேவை இருந்ததில்லை. எஸ்தர் இலையைத் தொடாமல் காத்திருந்தாள். குழம்பு ஆறியது. நான்தான் கடைசியில், "உட்காருங்கள் ஞானமுத்து," என்றேன். உட்கார்ந்தார், நாற்காலியின் விளிம்பில். என்னை விட வேகமாகச் சாப்பிட்டு எழுந்துவிட்டார்.

அன்று மாலையே செங்கல்பட்டுக்குத் திரும்பிவிட்டோம். வியாழக்கிழமை முதல் பேருந்தைப் பிடித்தோம். மாமல்லபுரத்தில் மாலை மூன்று மணிக்குள் பதிவுத் தபால் கொடுத்துவிட்டால் திங்கள் காலை தில்லி போய்விடும். என் கணக்கில் இடைவெளி ஏராளம். பேருந்தில் 'மகாபலிபுரம்' என்று எழுதியிருந்தது. அரசு பெயரை மாற்றிப் பல வருடமாகியும் பலகைக்குத் தகவல் போகவில்லை.

திருக்கழுக்குன்றம் தாண்டுவதற்கு முன்னால் டயர் வெடித்தது. மாற்று டயரிலும் காற்று இல்லை. கண்டக்டர் அதைக் காலால் உதைத்துப் பார்த்து, "இது நேத்தே செத்துட்டுது," என்றார், யாருடைய மரணத்திலும் தமக்குப் பங்கில்லை என்பதுபோல. சாலையோரப் பனைநிழலில் நின்றோம். பின்னால் வந்த பேருந்துகள் நிரம்பி வழிந்து, நிற்காமலே போயின. வெகுநேரம் கழித்து, குன்றின் மேலே இரண்டு கழுகுகள் வட்டமிட்டன. உச்சிவேளையில் வந்து கோவில் சோற்றைத் தின்றுவிட்டுப் போகிற புகழ்பெற்ற கழுகுகள். அவை வந்துவிட்டன என்றால் உச்சிவேளை; என் கணக்கில் இருந்த இடைவெளியில் பெரும்பகுதி போய்விட்டது. அந்த வட்டாரத்தில் நேரம் தவறாமல் வேலைக்கு வருபவை அவை இரண்டும்தான்; துரதிருஷ்டவசமாக அவற்றுக்குச் சான்றொப்பமிடும் அதிகாரம் இல்லை.

சவுக்குக் கட்டை ஏற்றக் கடற்கரைக்குப் போகும் காலி லாரி ஒன்று எங்களை ஏற்றிக்கொண்டது. டிரைவர் காசிம் பாய், காரியம் என்ன என்று கேட்டார்; ஞானமுத்து விவரமாகச் சொன்னார்.

"இதுக்கா இவ்ளோ பேஜாரு? என் மச்சான் துபாய் போனான் அண்ணாத்த. ஒரு காயிதம் கேக்கல அவன," என்றார் பாய்.

"எப்டிப் போனாரு?"

"தோணில."

"இப்ப எங்க கீறாரு?"

பாய் சிறிது நேரம் ஓட்டினார். "அது தெரியல," என்றார்.

சாலையின் இருபுறமும் சவுக்குத் தோப்பு வந்தது; காற்றில் உப்பு வந்தது. பாய் காசு வாங்க மறுத்து, எஸ்தரிடம் மட்டும், "நீ காயிதத்தோடயே போ தாயி," என்றார்.

மாமல்லபுரம் சுண்ணாம்புக் கோடு போட்டு, போலீஸ் நிறுத்தி, பிச்சைக்காரர்களை அப்புறப்படுத்தித் தயாராக இருந்தது. ராமலிங்கம் கடற்கரைக் கோவில் பக்கத்துப் பந்தலில், பிரம்பு நாற்காலிகளில் ஒவ்வொன்றாக உட்கார்ந்து எழுந்து, மந்திரியின் எடையைத் தாங்குமா என்று சோதித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பதறி எழுந்தார். என் கீழ் ஐந்து வருடம் உதவியாளராக இருந்தவர். காகிதங்களை வாங்கிப் பார்த்தார், 'ஓய்வு' என்ற சொல்லைப் பார்த்தார். பேனாவை எடுத்தார். மறுபடி மூடினார்.

"அசல் இருக்குங்களா சார்?"

எஸ்தர் பையிலிருந்து அசல்களை எடுத்துக் கொடுத்தாள். அவர் முதல் நகலையும் முதல் அசலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வரி வரியாக, விரலை ஓட்டிப் படிக்கத் தொடங்கினார். மதிப்பெண்கள், பதிவு எண், பதிவாளர் கையெழுத்து. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். "எல்லாம் நான் பார்த்ததுதான் ராமலிங்கம்," என்றேன்.

"தப்பா நெனைக்காதீங்க சார். ஒப்பிட்டுப் பாக்காம போட மாட்டேன். நீங்க கத்துக் குடுத்ததுதான்."

கற்றுக்கொடுத்தது உண்மை. ஒருமுறை அவர் அசலைப் பார்க்காமல் ஒரு நகலைச் சரிபார்த்ததாகக் குறித்து என் மேஜைக்கு அனுப்பினார் என்று, ஒழுங்கு நடவடிக்கை விதிகளின் பதினேழு-ஏ பிரிவில் குற்றக் குறிப்பாணை கொடுத்தேன். அவருக்கு ஒரு வருடச் சம்பள உயர்வு நின்றது. இப்போது அவர் முகத்தை உற்றுப் பார்த்தேன். பழிவாங்கும் மகிழ்ச்சி ஏதாவது தெரிந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். இல்லை. அவர் உண்மையாகவே கற்றுக்கொண்டிருந்தார்.

பதினான்காவது நகலில் கையெழுத்து விழுந்தபோது மணி இரண்டு பத்து. முத்திரை ஜீப்பில் இருந்தது. ஜீப் மந்திரியின் குளிர்பானத்துக்கு ஐஸ்கட்டி வாங்கக் கோவளம் போயிருந்தது. நாங்கள் மூவரும் ராமலிங்கமும் சாலையைப் பார்த்தபடி நின்றோம். அவர் எங்களுக்கு இளநீர் வரவழைத்தார். எஸ்தர் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். ஜீப் வந்தது. முத்திரைகளைக் குத்தி, உறையை ஒட்டி, தபால் நிலையத்துக்கு ஓடினோம். ஞானமுத்து எனக்கு முன்னால் ஓடினார். பழக்கம், வழியில் நிற்பவர்களை விலக்கியபடி ஓடினார்.

மூன்று மணி ஏழு நிமிடம். பதிவுத் தபால் ஜன்னல் மூடியிருந்தது. உள்ளே இருந்தவர் கடிகாரத்தைக் காட்டினார். ஏழு நிமிடத்தை மன்னிக்க அவருக்கு அதிகாரம் இல்லை. எனக்கு இன்னொரு விதி தெரியும்: செங்கல்பட்டு ரயில் தபால் அலுவலகத்தில் தாமதக் கட்டணம் கட்டினால் ஐந்தரை வரை வாங்குவார்கள். பேருந்து நிலையத்துக்கு வந்தோம். மந்திரி வருவதால் செங்கல்பட்டுச் சாலையை அடைத்துவிட்டார்கள். ஆறு மணி வரை பேருந்து இல்லை. எனக்குத் தெரிந்த விதிகள் அத்துடன் தீர்ந்தன.

நான் சிமெண்டு மேடையில் உட்கார்ந்துவிட்டேன். தலை நிமிர்ந்தபோது எஸ்தர் பக்கத்தில் இல்லை. கடற்கரைச் சாலையில் சென்னைப் பக்கம் போவதற்காகக் காத்திருந்த ஒரு சுற்றுலாப் பேருந்தின் அருகே, நடுத்தர வயது வடநாட்டுக்காரர் ஒருவரிடம் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தாள். அவர் மனைவி கல் யானை பொம்மையைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். நான் போய்ச் சேருவதற்குள் உறை கை மாறிவிட்டது. தில்லியில் ஓர் அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாம். விடுமுறைப் பயணச் சலுகையில் குடும்பத்தோடு தெற்கே வந்தவர். நாளை ரயில், ஞாயிற்றுக்கிழமை ஊர், திங்கள் காலை அந்த அலுவலகத்தில் நேரில் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். முகப்புக் கடிதம் இல்லாமல் ஒரு காகிதத்தைத் தன் கையால் எடுத்துப் போவது தன் வாழ்வில் இதுதான் முதல்முறை என்று சொல்லிச் சிரித்தார்.

எஸ்தரைத் தனியே அழைத்து, ஒரு துண்டுச் சீட்டிலாவது அவர் கையெழுத்து வாங்கிக்கொள் என்றேன். அவர் யார், என்ன, எனக்கு ஒன்றும் தெரியாது. முகத்தைப் பார்த்துக் கொடுத்தேன் என்றாள். முகம் ஆவணம் ஆகாது என்றேன்.

"போன தடவ அனுப்புனதுக்கு ரசீது, ஒப்புகை அட்டை எல்லாமே பத்திரமா இருக்கு சார்," என்றாள்.

அவள் என்னைக் குறை சொன்னது மொத்தமும் அந்த ஒரு வாக்கியம்தான். பேருந்து புறப்பட்டது. அவள் கை அசைக்கவில்லை. அது திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் இளநீர்க்காரனிடம் போய், பந்தலில் குடிக்காமல் விட்டதற்குப் பதிலாக ஒன்று வாங்கிக் குடித்தாள். நான்கரை மணிக்கு மந்திரி வந்தார். காரிலிருந்து இறங்காமலேயே கோவிலைப் பார்த்துவிட்டுப் போனார். நாற்காலிகளில் யாரும் உட்காரவில்லை.

பத்து நாளில் ஞானமுத்துவின் முகவரிக்கு ஓர் அஞ்சலட்டை வந்தது. திங்கட்கிழமை காலை பத்தேகால் மணிக்கு உறையைக் கொடுத்துவிட்டேன், அவர்கள் பதிவேட்டு எண் இது, உன் படிப்பு சிறக்கட்டும் என்று அந்தக் குமாஸ்தா எழுதியிருந்தார். யாரும் கேட்காமல் வந்த ரசீது.

ஒரு மாதம் கழித்து தில்லி அலுவலகத்தின் கடிதம் வந்தது. ஆவணங்கள் குறித்த நாளில் கிடைத்தன, சரியாக உள்ளன. ஆனால் முதல் விண்ணப்பம் குறைபாடுடையது எனத் திருப்பப்பட்டதால், மறுமுறை வந்தது புதிய விண்ணப்பமாகவே கருதப்படும். புதிய விண்ணப்பங்களுக்கான கடைசி நாள் ஏற்கெனவே கடந்துவிட்டது. அடுத்த ஆண்டுக்குப் பரிசீலிக்க வயது வரம்பு இடம் தராது. மூன்று முறை படித்தேன், ஓட்டை தேடி. இல்லை. அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தால் இதே வரிகளைத்தான் எழுதியிருப்பேன். அநேகமாக இதே சொற்களில்.

அவள் என்ன சொன்னாள் என்று ஞானமுத்துவிடம் கேட்டேன்.

"சாப்ட்டுகினு இருந்திச்சி ஐயா. படிச்சிது. மடிச்சி வெச்சிட்டு, மிச்சத்தையும் சாப்ட்டுட்டு, கை கழுவிகினு வேலைக்குப் போயிடிச்சி."

முத்திரையை ஒப்படைத்துவிடலாம் என்று தாலுகா அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். முன்மேஜை இளைஞன் இப்போது என்னை அறிவான், எழுந்து நின்றான். பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தான். சொந்தச் செலவில் செய்தது என்பதால் அது வழங்கப்பட்டதாகப் பதிவு இல்லை. வழங்காத பொருளைத் திரும்பப் பெற வழியும் இல்லை. மிகச் சரி. முத்திரை வீட்டு அலமாரியில் இருக்கிறது.

ஐப்பசியில் எனக்குத் தலைசுற்றல். சர்க்கரை பார்க்கச் சொன்னார் டாக்டர். ஊரில் வேறு பரிசோதனைக் கூடமும் இருக்கிறது. நான் அங்கே போகவில்லை. எஸ்தர் வெள்ளை மேலங்கியில் இருந்தாள். மேஜையில் வெளிநாட்டுத் தபால்தலை ஒட்டிய உறை ஒன்று கிடந்தது. நான் பார்ப்பதைக் கவனித்து, அமெரிக்காவில் இரண்டு இடங்களுக்கு நேராக எழுதியிருப்பதாகச் சொன்னாள். அங்கே பேராசிரியர்களே பணம் கொடுத்து ஆள் எடுப்பார்களாம். சான்றொப்பம் யார் போட்டது என்று கேட்டேன். அவர்கள் அதைக் கேட்கவே இல்லை என்றாள்.

ரத்தத்தை நோகாமல் எடுத்தாள். பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டுப் பதிவேட்டைத் திறந்தாள். பெயரும் வயதும் கேட்காமலே எழுதினாள், அவளுக்குத் தெரியும். அடுத்த கட்டத்தில் பேனா நின்றது.

"தொழில் சார்?"

"தாசில்தார்," என்றேன்.

அவள் எழுதவில்லை. எழுதமாட்டேன் என்றும் சொல்லவில்லை. பேனாவைக் காகிதத்துக்கு மேலே பிடித்தபடி காத்திருந்தாள், மதுராந்தகத்து மெஸ்ஸில் இலையைத் தொடாமல் காத்திருந்ததுபோல.

"ஓய்வு," என்றேன்.

எழுதிக்கொண்டாள்.